ஹைஸ்கூல் கிரெடிட் மெடிக்கல் ஸ்கூலுக்குச் செல்லுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹைஸ்கூலிலேயே சம்பாதித்த கிரெடிட்டை, அதாவது கல்லூரிப் பாடம் முடித்த கணக்கை, கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு சேரும் மெடிக்கல் ஸ்கூலும் ஏற்குமா? அமெரிக்காவில் டாக்டர் கனவோடு இருக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் எனக்கு அடிக்கடி எழுதும் சந்தேகம் இது. அப்படி வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் தேர்வு; 5 தான் அதில் உச்ச மதிப்பெண்.

கேள்வி: மகள் ஏபி கெமிஸ்ட்ரியில் 5 வாங்கியிருக்கிறாள். கல்லூரியும் கிரெடிட் கொடுத்துவிட்டது. மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இதில் இரண்டு வாசல்கள் உண்டு. கல்லூரி கொடுக்கும் கிரெடிட் பட்டத்துக்கு உதவும், அது முதல் வாசல். அதைத் தன் முன்தேவைப் பாடமாக ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலும் தனித்தனியாக முடிவு செய்யும், அது இரண்டாவது வாசல். சில பள்ளிகள் அப்படியே ஏற்கும். சில பள்ளிகள், 'சரி, ஆனால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை லேபுடன் எடுத்திருக்க வேண்டும்' என்று சொல்லும். ஏற்கவே ஏற்காத பள்ளிகளும் இருக்கின்றன.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது, அந்தக் கிரெடிட்டை வைத்துக்கொண்டு மேலே ஏறட்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி எப்படியும் எடுக்க வேண்டியவைதான். அவற்றோடு அனலிடிகல் கெமிஸ்ட்ரி போல லேப் உள்ள ஒரு பாடத்தையும் சேர்த்தால் பெரும்பாலான இடங்களில் கேள்வி எழாது. பயாலஜிக்கும் இதே வழிதான்: ஜெனடிக்ஸ், மைக்ரோபயாலஜி, ஃபிசியாலஜி என்று தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. சிக்கல் பிசிக்ஸில்தான். அங்கே ப்ரீமெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும்) மாணவர் எளிதாக எடுக்கக்கூடிய அடுத்த படி இல்லை. அதனால் ஏபி பிசிக்ஸை ஏற்காத பள்ளிகள் அவள் பட்டியலில் இருந்தால், கல்லூரியிலேயே ஒரு வருட பிசிக்ஸை லேபுடன் படித்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏபியில் 5 வாங்கினாலும் ஜிபிஏவில், அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரியில், ஒரு 'ஏ' சேராது. அது வெறும் கிரெடிட் மணி நேரம்தான். அடித்தளம் உறுதியாக இல்லாமல் முதல் வருடமே ஆர்கானிக்கில் குதித்துத் தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவளுக்கே தயக்கம் இருந்தால் ஜெனரல் கெமிஸ்ட்ரியை மறுபடி எடுக்கட்டும். ஆனால் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடைக்காது, ஏபி கிரெடிட்டை விட வேண்டிவரும்.

கேள்வி: பதினோராம் வகுப்பில் கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்ட் எடுத்தேன். பயாலஜியில் 'சி'. அதை விண்ணப்பத்தில் காட்டாமல் விடலாமா?

பதில்: முடியாது, தம்பி. டூயல் என்ரோல்மென்ட் ஏபி மாதிரி இல்லை. அது ஹைஸ்கூலில் இருக்கும்போதே எடுக்கும் முழுக் கல்லூரிப் பாடம், அதன் மதிப்பெண் நிரந்தரமாக உங்களோடு வரும். பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கு விண்ணப்பிக்கும் ஆம்காஸ் முறையில், நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவு) தனித்தனியாகப் போக வேண்டும். வகுப்பு உங்கள் ஹைஸ்கூல் கட்டடத்திலேயே நடந்திருந்தாலும், கிரெடிட் வேறு கல்லூரிக்கு மாறியிருந்தாலும் இதே விதிதான். ஒரு டிரான்ஸ்கிரிப்ட் விடுபட்டால் விண்ணப்பமே தாமதமாகும்.

பதினாறு வயதில் வாங்கிய ஒரு 'சி' உங்கள் கனவை முடித்துவிடாது. கல்லூரியில் மேல்நிலை பயாலஜியில் நல்ல மதிப்பெண் எடுங்கள். தேர்வுக் குழுவினர் ஏறுமுகத்தையும் பார்ப்பார்கள். இப்போது ஹைஸ்கூலில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: நேரம் இருந்தால் மட்டும் டூயல் என்ரோல்மென்ட் எடுங்கள். அறிவியல் முன்தேவைகளைவிட வரலாறு, சமூகவியல் போன்றவற்றை அதில் முடிப்பது பாதுகாப்பானது.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். ஏபிக்கு வேறு விதி உண்டா?

பதில்: டெக்சாஸின் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற தனி விண்ணப்ப முறை இருக்கிறது. அங்கே ஏபிக்கு இடம் உண்டு. ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். 'ஏபி கிரெடிட்' என்று மொத்தமாக மட்டும் போட்டிருந்தால், ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் சொல்லி இப்போதே சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஏபி கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?

பதில்: கணிதத்தில் ஏபியை ஏற்பதில் பள்ளிகள் பொதுவாகத் தாராளமாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவ்வளவு இல்லை. எழுத்துப் பயிற்சி அதிகம் உள்ள ஒரு பாடத்தைக் கல்லூரியில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்தப் பள்ளி எதை ஏற்கும் என்று எங்கே பார்ப்பது?

பதில்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி அமைப்பின் எம்எஸ்ஏஆர் என்ற தகவல் தொகுப்பில் பள்ளிவாரியாக முன்தேவைகள் இருக்கும். முழு விவரத்துக்குச் சந்தா கட்ட வேண்டும், கட்டலாம். அதில் பார்த்ததை அந்தப் பள்ளியின் சொந்த அட்மிஷன் பக்கத்திலும் சரிபாருங்கள். விதி மங்கலாக இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியின் முதல் வருடத்திலேயே இதைச் செய்யுங்கள், மூன்றாம் வருடத்தில் விடுபட்ட லேபுக்கு இடம் தேடுவது கடினம்.