மாமனார் தப்பாக வசனம் சொல்கிறார்: திருத்துவதா, விட்டுவிடுவதா?

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் மாமனார் சொல்லும் வேத விளக்கம் பல நேரம் தப்பாக இருக்கிறது. நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன், அதனால் அங்கேயே திருத்திவிடுவேன். என் மனைவியோ, "நீங்க சரியா இருக்கிறதைவிட அன்பா இருக்கிறதுதான் முக்கியம்" என்கிறாள். இது வேதத்தில் உள்ளதா, அல்லது சண்டைக்குப் பயந்தவர்கள் சொல்லும் சாக்கா?

பதில்:

அந்த வாக்கியம் அப்படியே வேதத்தில் கிடையாது. ஆனால் அதன் சாரம் இருக்கிறது, அதுவும் நாம் நினைப்பதைவிடக் கறாராக. அதே சமயம் அதைச் சாக்காகச் சொல்கிறவர்களும் ஏராளம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதம் அது. கொரிந்துவில் கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைக்கும் வரும், விருந்துக்கும் வரும். சபையில் விவரம் தெரிந்த ஒரு கூட்டம், விக்கிரகமே ஒன்றுமில்லை, அப்புறம் அதற்குப் படைத்த கறியில் மட்டும் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டது. நேற்றுவரை அதே விக்கிரகத்தைக் கும்பிட்டுவிட்டு வந்த இன்னொரு கூட்டத்துக்கு அதைப் பார்த்தாலே மனசாட்சி குத்தியது.

நியாயம் யார் பக்கம்? பவுல் சுற்றி வளைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்வதுதான் சரி என்கிறார். புசிப்பதினால் மேன்மையும் இல்லை, புசியாதிருப்பதினால் குறைவும் இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, விட்டுக்கொடுங்கள் என்று கேட்பதும் அவர்களிடம்தான்! தன் பங்குக்கு, சகோதரனுக்கு இடறல் வருமென்றால் என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன் என்று அதிகாரத்தை முடிக்கிறார். 'அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்' என்பது இந்த இடத்தில்தான் வருகிறது. கல்யாண அட்டையில் அச்சடிப்பதற்காக எழுதியதில்லை. சாப்பாட்டுத் தகராறில் நியாயம் தன் பக்கம் இருந்தவர்களுக்கு எழுதியது.

நம் பிரசங்கங்களில் இதைச் சுலபமாக 'ரெண்டு பேரும் சரி, சண்டை போடாதீங்க' என்று ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் சரி என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் பவுல் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்.

இதெல்லாம் என்றைக்கோ நடந்த கதை என்றும் நினைக்க வேண்டாம். விநாயகர் சதுர்த்தி அன்று பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கொழுக்கட்டை கொண்டுவந்தால், பாதி கிறிஸ்தவ வீடுகளில் இதே பிரச்சனைதான். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அத்தை வந்திருந்தார். பெந்தெகொஸ்தே சபைக்குப் புதிதாகப் போக ஆரம்பித்திருந்த நேரம், நகையெல்லாம் கழற்றியாகிவிட்டது. படைத்ததை அவர் தொடமாட்டார். அம்மா வாசலில் தூக்குவாளியை இரண்டு கையாலும் வாங்கி, அக்காவிடம் பேசிச் சிரித்து, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று நாலு வாழைப்பழத்தை வைத்துக் கொடுத்தார். கொழுக்கட்டையை அடுக்களைக்குள் மூடி வைத்துவிட்டார். அத்தை கண்ணில் படவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் சித்தி பையன் தேடிப்போய் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே வந்து, "விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு பவுலே எழுதியிருக்காரு அத்தை, பயப்படாம சாப்பிடுங்க" என்றான். அதிகாரம், வசன எண்ணோடு. அத்தையிடம் பதில் இல்லை. தட்டிலிருந்த சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அம்மா அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "ஆரம்பிச்ச அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் வாசிச்சுட்டு வா." அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அத்தைக்கு வசனமும் புரியவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

இயேசுவும் இதைச் செய்து காட்டியிருக்கிறார், அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மத்தேயு 17-இல் கப்பர்நகூமில் தேவாலய வரி கேட்டு வருகிறார்கள். ராஜாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் வரி வாங்குவதில்லை, ஆகவே பிள்ளைகள் அதற்கு உட்பட வேண்டுவதில்லை என்று சீஷன் பேதுருவிடம் சொல்கிறார். தான் கட்ட வேண்டியதில்லை என்பதை நிறுவியாகிவிட்டது. 'ஆகிலும், நாம் அவர்களுக்கு இடறலாயிராதபடிக்கு' என்று சொல்லி வரியைக் கட்டச் சொல்கிறார். மீன் வாயில் வெள்ளிப்பணம் கிடைத்ததைத்தான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த 'ஆகிலும்' பெரிதாகத் தெரிகிறது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் இதற்கு நேர் எதிர். வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. துக்க வீட்டில் அதைவிட நல்ல காரியம் கிடையாது. அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேச்சைத் தனியாக எடுத்து வாசித்தால் பெரும்பகுதி நல்ல உபதேசம்தான். எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியை (யோபு 5:13) பவுலே 1 கொரிந்தியர் 3-இல் மேற்கோள் காட்டுகிறார். ஆனாலும் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம், கர்த்தர் நீதியைப் புரட்டுவாரோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, சாக்கு விஷயத்துக்கு வருவோம். இந்த உபதேசத்தை அதிகம் துஷ்பிரயோகம் செய்வதும் சபைதான். கணக்கு கேட்டால் "பிரதர், அன்பு முக்கியம்" என்பார்கள். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா, ஜெபிப்போம்" என்பார்கள். இது தயவு அல்ல. கொரிந்துவில் பவுல் விட்டுக்கொடுத்தது தன் கறியை. இங்கே விட்டுக்கொடுக்கப்படுவது அடுத்தவருடைய காசு, அடுத்தவருடைய உடம்பு.

அதே பவுல் அந்தியோகியாவில் என்ன செய்தார் என்று கலாத்தியர் 2-இல் பாருங்கள். புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். இதுவும் சாப்பாட்டு விஷயம்தான். ஆனால் இங்கே அவமானப்பட்டவர்கள் மூன்றாம் மனிதர்கள். பவுல் எல்லார் முன்னாலும் முகமுகமாய் எதிர்த்தார், தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை.

தமிழ்ச் சபைகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. சாதிவாரியாகத் தனித்தனியாக உட்காருவதை மிஷனரிகள் பலர் 'போகப் போகச் சரியாகும்' என்று நெடுங்காலம் பொறுத்துக்கொண்டார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவர் தயவில்லாமல் நடந்துகொண்டார் என்று அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதுவரை காட்டிய பொறுமைக்கு விலை கொடுத்தது மிஷனரிகள் அல்ல, கோயிலில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டவர்கள்.

ஆகவே நான் பார்க்கும் அளவு இதுதான்: நான் வாயை மூடினால் நஷ்டம் யாருக்கு? என் கௌரவத்துக்கு மட்டும்தான் என்றால் தாராளமாக மூடிக்கொள்ளலாம்.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு அப்போஸ்தலர் 18 பொருந்தும். அப்பொல்லோ நல்ல பேச்சாளர், வேதத்தில் வல்லவர், ஆனால் யோவான்ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டும்தான் அறிந்திருந்தார். எபேசுவில் அவர் ஜெப ஆலயத்தில் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். நடுவில் எழுந்து குறுக்கிட்டதாக எழுதியில்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, அதிக திட்டமாய் விவரித்தார்கள். கூடாரம் செய்து பிழைத்த தம்பதி சொன்னதை அந்தப் பெரிய பேச்சாளரும் கேட்டுக்கொண்டார். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

அதனால், அவர் ஏசாயா வசனத்தை எரேமியா என்று சொன்னால் விட்டுவிடுங்கள். யாரும் அதனால் கெட்டுப்போக மாட்டார்கள். விளக்கமே தடம் மாறினால் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, "மாமா, இந்தப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாமா, எனக்கு வேறு மாதிரி தோணுது" என்று உட்காருங்கள். அவரே உங்களுக்கு ஒன்றிரண்டு சொல்லித் தரவும் கூடும். ஆனால் என்றைக்காவது, விசுவாசம் இருந்தால் சர்க்கரை மாத்திரை எதற்கு, நிறுத்திவிடுங்கள் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு வயசானவரிடம் சொன்னால், மருமகன் முறையெல்லாம் பார்க்காமல் அந்த இடத்திலேயே "வேண்டாம், மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். மாமனாரை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.