சைட்மேப் அனுப்பினால் எங்கள் நிறுவனத்தின் தளம் கூகுளில் முன்னால் வருமா?

சிங்கப்பூரில் விருந்துகளுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனத்தை நடத்திவரும் நீங்கள், தளம் தொடங்கி நான்கு மாதங்களாகியும் பாதிப் பக்கங்கள் கூகுளில் தென்படவில்லை என்றும், சைட்மேப் செய்து அனுப்பினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று கூறி ஒருவர் தனிக் கட்டணம் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம். சைட்மேப் இருக்கட்டும், அது பயனுள்ளதுதான். ஆனால் அதனால் ஆகாத காரியத்தை ஆகும் என்று சொல்லிப் பணம் கேட்பது முறையல்ல.

சைட்மேப் என்பது, தேடுபொறி படிக்க வேண்டிய உங்கள் பக்கங்களின் முகவரிகளை வரிசையாக எழுதிவைத்த ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அவ்வளவுதான். கூகுள் இதை 2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிமுகப்படுத்தியது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதே வடிவத்தை ஏற்றுக்கொண்டதால், இன்று ஒரே கோப்பு கூகுளுக்கும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கும் (Bing) போதுமானது. இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்ற செய்தியை அது கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்வதா, சேர்த்துக்கொண்டால் எத்தனையாவது இடத்தில் காட்டுவது என்பதெல்லாம் தேடுபொறியின் முடிவு. சுமார் 500 பக்கங்களுக்குள் இருந்து, முகப்பிலிருந்து இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே எல்லாப் பக்கங்களுக்கும் போக முடிகிற தளத்துக்குச் சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம் என்று கூகுளின் வழிகாட்டுதலே கூறுகிறது. மேலும், தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பு முதல் சைட்மேப்பைத் தானாகவே உருவாக்கிவிடுகிறது. ஷாப்பிஃபை, விக்ஸ் போன்றவையும் அப்படியே. எனவே, உங்களிடம் ஏற்கெனவே ஒரு சைட்மேப் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கேள்வி அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்.

இதை நான் நன்றாக உணர்ந்தது தேக்காவில், கேம்பல் லேன் பக்கம் பூசைப் பொருள் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் தளத்தைப் பார்த்தபோது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. புதிதாக வந்திறங்கிய பித்தளைக் குத்துவிளக்குகளுக்கெல்லாம் படம் எடுத்து, உயரம், எடை, விலை என்று இரவு கடையை மூடிய பிறகு அவரே உட்கார்ந்து எழுதியிருந்தார். “தம்பி, சைட்மேப் எப்பவோ அனுப்பியாச்சு, கூகுள் பார்க்கவே மாட்டேங்குது” என்றார். கோப்பைத் திறந்தோம். கடையில் இருந்த பொருள்கள் நூற்று நாற்பதுக்குள். கோப்பில் இருந்த முகவரிகளோ ஆயிரத்தைத் தாண்டின. ஒரே குத்துவிளக்கு, விலை ஏறுவரிசையில் ஒரு முகவரியாகவும், இறங்குவரிசையில் இன்னொரு முகவரியாகவும், ‘பித்தளை’ என்று வடிகட்டினால் வேறொன்றாகவும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. போன ஆண்டே விற்றுத் தீர்ந்து, திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்று 404 பிழை காட்டும் பக்கங்களும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முகவரிக்கும் கீழே கடைசியாக மாற்றிய நாள் என்று அன்றைய தேதியே பதிவாகியிருந்தது. நாள்தோறும் காலையில் கோப்பைப் புதுப்பிக்கும் செருகுநிரல் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்), தான் ஓடிய தேதியை எல்லாப் பக்கங்களுக்கும் போட்டுவிட்டிருந்தது.

கடைசியாக மாற்றிய நாளைக் குறிக்கும் ‘லாஸ்ட்மாட்’ என்ற அந்த ஒரு வரிக்குத்தான் நான் மிகுந்த முக்கியத்துவம் கொடுப்பேன். பக்கத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லும் ‘பிரயாரிட்டி’, எவ்வளவு அடிக்கடி மாறும் என்று சொல்லும் ‘சேஞ்ச்ஃப்ரீக்’ ஆகிய இரண்டு மதிப்புகளையும் தாம் பொருட்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே முகப்புக்கு 1.0, தொடர்புப் பக்கத்துக்கு 0.5 என்று யோசித்து யோசித்துப் போடுவது வீண் வேலை. லாஸ்ட்மாட் தேதியை மட்டும், அது தொடர்ந்து உண்மையாக இருந்து, பக்கத்தில் நேர்ந்த மாற்றத்தோடு பொருந்திவந்தால், கூகுள் பயன்படுத்துகிறது. எல்லாமே இன்று மாறின என்று நாள்தோறும் சொல்லும் கோப்பை அது நம்புவதற்குக் காரணமில்லை. அக்கா உண்மையில் புதிதாக எழுதிய விளக்குப் பக்கங்கள் அந்தப் பொய்த் தேதிகளுக்கு நடுவே அடையாளமின்றிப் போயின என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி, ஏனென்றால் உழைப்பு முழுவதும் அவருடையது.

வடிகட்டி முகவரிகளையும் இல்லாத பக்கங்களையும் கோப்பிலிருந்து எடுத்தோம். பல முகவரிகளில் எது முதன்மையானது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் குறியை, ஒரு பொருளுக்கு ஒரு முகவரி என்று சரிசெய்தோம். உண்மையான தேதிகள் வருமாறு செருகுநிரலை மாற்றினோம். முகப்பிலேயே ‘தீபாவளி விளக்குகள்’ என்று இணைப்பு ஒன்றை வைத்தோம். விளக்குப் பக்கங்கள் தீபாவளிக்கு முன்பே தேடலில் வரத் தொடங்கின. இவற்றுள் எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. முகப்பு இணைப்பின் பங்கு பெரிது என்பது என் கணிப்பு. வேறெந்தப் பக்கமும் சுட்டாமல் சைட்மேப்பில் மட்டும் கிடக்கும் பக்கத்துக்குத் தளத்தின் உரிமையாளரே மதிப்புக் கொடுக்கவில்லை என்றுதானே பொருளாகும்?

உங்கள் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, ஒரே உணவுப் பட்டியலின் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் ஒன்றுக்கொன்று மாற்று என்பதை ‘ஹெச்ரெஃப்லாங்’ குறிப்பின் வழியாகச் சைட்மேப்பிலேயே தெரிவிக்கலாம். தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் தமிழைச் சுட்ட வேண்டும், ஒருதலையாக இருந்தால் அந்தக் குறிப்பு எடுபடாது. இரண்டாவது, தமிழ் எழுத்துகளில் அமைந்த முகவரிகள் கோப்பில் சதவீதக் குறியீடாக (% அடையாளமும் ஆங்கில எழுத்து, எண்களும் கொண்ட வடிவமாக) மாற்றப்பட்டிருக்க வேண்டும். நம் கண்ணுக்கு நான்கே எழுத்தாகத் தெரியும் ‘விளக்கு’, ஒருங்குறியில் (யூனிகோடில்) ஏழு குறிகளாகவும், ஒவ்வொரு குறியும் அந்த வடிவத்தில் ஒன்பது எழுத்துக்குறிகளாகவும் விரிந்து மொத்தம் 63 ஆகிவிடும். நெறிமுறைப்படி ஒரு முகவரி 2,048 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால், முழு வாக்கியத்தையே முகவரியாக வைக்காமல் இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் தமிழ்க் களப்பெயரைப் பின்னாளில் வாங்கினாலும், அதையும் அதற்குரிய மாற்றெழுத்து வடிவத்தில்தான் (‘xn--’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவம்) கோப்பில் எழுத வேண்டும்.

ஒரு கோப்பில் 50,000 முகவரிகள், 50 எம்பி என்ற வரம்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அனுப்பும் முறையும் எளிது: தேடுபொறிகளுக்கான குறிப்புகளைக் கொண்ட ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) சைட்மேப்பின் முழு முகவரியை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அதையே ஒருமுறை பதிவுசெய்தால் போதும். சைட்மேப் மாறிவிட்டது என்று கூகுளுக்கு அடிக்கடி ‘பிங்’ (ping) எனும் அறிவிப்பு அனுப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வழியைக் கூகுள் 2023ஆம் ஆண்டிலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது என்று சொல்லுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக இன்றே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸில் கட்டப்பட்டிருந்தால், அதன் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று உண்டு. தளம் கட்டும்போது அதில் குறியிட்டுவிட்டு, திறக்கும் நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். சில பக்கங்களில் மட்டும், இதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ‘நோஇன்டெக்ஸ்’ குறி தங்கிவிடுவதும் உண்டு. பாதிப் பக்கங்கள் மட்டும் காணாமல் போயிருப்பதால் உங்களுக்கு அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தேடலில் காணாத பக்கத்தின் முகவரியைச் சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் இட்டால், அது ஏன் சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டும். அந்தக் கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, தளம் கட்டிக் கொடுத்தவரைப் பயனராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வேலையை விட்டுப் போனாலும் தளத்தின் வரலாறு உங்கள் கையில் இருக்க வேண்டும். காரணம் என்ன என்று காட்டுகிறதோ, அதை இங்கே எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.