டிவி கேபிள்: சுவரைப் பூசுவதற்கு முன்

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், பூச்சு வேலை தொடங்கப் போகிறது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கீழ் ஹாலுக்கு 30 மீட்டர் ஒயர் ஓடும், மாடி ரூமில் இன்னொரு டிவி. எலக்ட்ரீஷியன் தன்னிடம் மிச்சமிருக்கும் ஆர்.ஜி. 59 கேபிளே போதும் என்கிறார், கடைக்காரர் ஆர்.ஜி. 6 வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
வாசகர், கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. இரண்டுமே 75 ஓம் கேபிள்தான், ஆனால் ஆர்.ஜி. 59 பெரும்பாலும் சிசிடிவி கேமராவுக்கு இழுப்பது, அந்த வேலைக்கு அது போதும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும், அதிர்வெண் ஏற ஏற கேபிளிலேயே கரையும் சிக்னலும் கூடும். 2000 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு நல்ல ஆர்.ஜி. 6-ல் சுமார் 10 டெசிபல் போகும், 59-ல் அதைவிட இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாகப் போகும். இரண்டு மூன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள், 3 டெசிபல் என்றால் சக்தியில் சரிபாதி. வெயில் நாளில் வித்தியாசமே தெரியாது; ஐப்பசி மழையில் டிஷ்ஷுக்கு வருகிற சிக்னலே குறையும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடையும்.

அதோடு, மேலே ஆர்.ஜி. 6 என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. கடையில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி நுனியைச் சீவிப் பாருங்கள். உறைக்கு அடியில் பின்னல் கம்பி, அதற்கு அடியில் ஃபாயில், வெள்ளை நுரை, நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கம்பி. மட்டமான கேபிளில் பின்னல் என்ற பெயரில் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு நாலைந்து அலுமினிய இழைகள்தான் ஓடும், அதை வாங்காதீர்கள். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் அது எஃகு மேல் செம்பு பூசியது. சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் படத்துக்கு அதனால் குறையில்லை, ஆனால் டிஷ் முனையில் சிக்னலைப் பிடித்துக் கீழே அனுப்பும் கருவியான எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் கரண்டும் செட்டாப் பாக்ஸிலிருந்து இதே கம்பி வழியாகத்தான் மேலே போகிறது, அதற்குக் கம்பி முழுக்கச் செம்பாக இருந்தால் நல்லது. உங்கள் 30 மீட்டருக்கு எஃகுக் கம்பியும் ஓடும்தான், இருந்தாலும் சுவருக்குள் போகிற ஒயர் என்பதால் நான் செம்பையே வாங்குவேன்.

மாடி ரூமுக்கு நடுவில் ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்க வேண்டாம். ஒரு பாக்ஸ் 13 வோல்ட்டும் இன்னொன்று 18 வோல்ட்டும் கேட்டால் தகராறுதான். இரண்டு அவுட்புட் உள்ள எல்.என்.பி. வைத்து, டிவிக்கு ஒரு கேபிள் என்று இடையில் ஜாயின்ட் இல்லாமல் இழுங்கள். கேபிளை நேரடியாகச் சுவரில் புதைக்காமல் 25 மி.மீ. பி.வி.சி. பைப்பில் விடுங்கள். அது கரண்ட் ஒயர் போகும் பைப்பாக இருக்கக் கூடாது, தனிப் பைப். முனைகளில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடுங்கள், கேபிளை வெடுக்கென்று மடித்தால் உள்ளே நுரை நசுங்கி அந்த இடத்தில் சிக்னல் திரும்பி அடிக்கும். ஹால் பாயிண்டுக்கு அதே பைப்பில் ஒரு கேட்6 கேபிளும் போட்டுவிட்டால் நாளைக்கு இன்டர்நெட் டிவிக்கு மறுபடி சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

அப்புறம் கனெக்டர். கையால் திருகி மாட்டுவது வேண்டாம், கம்ப்ரஷன் வகை எஃப் கனெக்டர் கேளுங்கள், கருவி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். டிஷ் பக்கம் கேபிள் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து எல்.என்.பி.க்கு ஏறட்டும், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் பழைய ஆர்.ஜி. 59 இருக்கிறது. டிஷ் இல்லை, கேபிள் கனெக்‌ஷன்தான். மாற்ற வேண்டுமா?
வாசகி, மதுரை

பதில்: படம் சுத்தமாக வந்தால் வேண்டாம். கேபிள் டிவி சிக்னல் 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஓடுகிறது. சில சேனல் மட்டும் உடைந்தால் முதலில் இரு முனைக் கனெக்டர்களையும் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.