எட்டு வரியில் ஒரு திருப்பம்

கேள்வி: கல்லூரியில் தொடக்ககால அமெரிக்க இலக்கியம் படிக்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குத் தன்னைக் கொண்டுவந்ததைப் பற்றி ஃபிலிஸ் வீட்லி எழுதிய கவிதை அடிமைமுறைக்கு நன்றி சொல்வதுபோல் இருக்கிறதே?

பதில்: முதல் நான்கு வரிகளோடு நிறுத்தினால் அப்படித்தான் தோன்றும். பல விடைத்தாள்கள் சறுக்கும் இடமும் அதுதான். அங்கே தன்னைக் கொண்டுவந்தது இறைவனின் கருணை என்கிறார். எந்த மனிதருக்கும் நன்றி சொல்லவில்லை. ஐந்தாம் வரியில் பேச்சு திரும்புகிறது: தம் இனத்தைச் சிலர் ஏளனமாகப் பார்ப்பதைச் சுட்டுகிறார். ஏழாம் வரி ‘நினைவிருக்கட்டும்’ என்று ஏவலாகவே தொடங்குகிறது. அடிமைப் பெண் ஒருத்தி வெள்ளையருக்குப் பாடம் சொல்கிறாள், எவ்வளவு துணிச்சல்!

‘Remember, Christians, Negros, black as Cain’ என்ற அந்த ஏழாம் வரியின் காற்புள்ளிகளை விட்டுவிடாதீர்கள். ‘கிறிஸ்தவர்களே’ என்ற விளியாகப் படிக்கலாம். கிறிஸ்தவர், கறுப்பினத்தார் இருவருமே தூய்மை பெற வேண்டியவர்கள் என்றும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படித்து, பொருள் எங்கே மாறுகிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

பிறகு பின்னணி. வீட்லி 1761இல் சிறுமியாக பாஸ்டனில் விற்கப்பட்டவர். இந்தக் கவிதை இடம்பெற்ற அவருடைய கவிதை நூல் 1773இல் லண்டனில்தான் அச்சானது. கவிதைகள் அவருடையவையே என்று பாஸ்டன் பிரமுகர்கள் கையெழுத்திட்ட சான்றும் அதில் உண்டு. அதைக் கவிதையோடு சேர்த்தே படியுங்கள். ஏளனப் பார்வை யாருடையது என்பது விளங்கும்.