இந்தியாவில் ஆஸ்திரியாவுக்குக் காலனி இருந்ததா?

'போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் தவிர வேறு ஐரோப்பியருக்கு இந்தியாவில் காலனி இருந்ததா?' என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. இருந்தது. ஆஸ்திரியாவுக்கு, நிக்கோபாரில், 1778 முதல் 1785 வரை.

எட்டாம் வகுப்பில் இதை எழுதி மார்க் இழந்தவன் நான். அப்பாவுக்கு நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கமோர்ட்டாவில் வேலை என்பதால் இரண்டு வருடம் அங்கே வளர்ந்தேன். ஜெட்டியில் நின்றால் எதிரே நான்கவுரி தீவு. நடுவில் அலையில்லாத கடல். காலையில் தென்னை நிழல் தண்ணீரில் அசையாமல் கிடக்கும். பக்கத்து வீட்டு மாமா கை நீட்டி, "அங்கே ஆஸ்திரியாக் கொடி பறந்ததுடா" என்பார். ஊர் திரும்பியதும் பரீட்சையில் எழுதினேன். சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'ஆஸ்திரேலியாவா?' என்று எழுதியிருந்தார்கள்.

வில்லியம் போல்ட்ஸ் என்பவர் ஆங்கிலேயக் கம்பெனியில் இருந்து, வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1775இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவிடம் வியாபார உரிமை வாங்கினார். அவர் அனுப்பிய கப்பல்தான் நிக்கோபாரில் கொடி ஏற்றியது. நிர்வாகம் என்றால் காட்ஃபிரீட் ஸ்டால் என்ற ஒருவரும், கூட ஐந்தாறு ஐரோப்பியரும், அவ்வளவுதான். ஆஸ்திரியாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. 1756லேயே அந்தத் தீவுகளைத் தங்களுடையது என்று அறிவித்திருந்த டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களையே அங்கே நிலைக்க விடாதது மலேரியா. 1783இல் ஸ்டால் இறந்தார். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

'ஆறு பேர் இருந்தால் காலனியா?' என்று யாராவது வருவார்கள். பேரரசின் பெயரில் உரிமை கோரி, பொறுப்பாளரை வைத்து ஆண்டால் வேறென்ன பெயர்? சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், ஆஸ்திரியப் பேரரசரிடம் உரிமை பெற்ற ஒஸ்டெண்ட் கம்பெனி இருந்ததே என்றும் கேட்பார்கள். அது அதற்கு முந்தைய வியாபாரத் தளம், தனிக்கதை.

அந்தத் தீவில் ஸ்டால் ஒரு கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வரும். தாத்தா இறந்த செய்தி வந்ததும் அம்மா இரண்டு நாள் டிக்கெட் வரிசையில் நின்றார். மூன்றாம் நாள், 'இடமில்லை, அடுத்த கப்பலில் பாருங்கள்' என்றார்கள். அடுத்த கப்பல் வந்தபோது ஊரில் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. தீவில் இருப்பவன் அவசரத்தைக் கரையில் இருப்பவர்கள் இன்றைக்கும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை.