ஒரு பேருந்துக்கு எத்தனை பணியாளர் தேவை?

தண்டையார்பேட்டை போன்ற பணிமனையில் ஒரு பேருந்துக்கு ஓட்டுநர், நடத்துநர் என இருவர் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதிகாலை முதல் இரவு வரை ஓடும் வண்டிக்கு இரண்டு ஷிஃப்ட், ஆக நால்வர் வேண்டும். ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் வார ஓய்வு என்பதால் 100 வண்டிகளுக்கான 400 பேர் அங்கேயே ஏறத்தாழ 467 ஆகிவிடுவர். பத்தில் ஒருவர் விடுப்பில் இருப்பார் என்று வைத்துக்கொண்டால் அது 520ஐ நெருங்கும். இந்தக் கூடுதல் ஆட்களை வீண் செலவு என்று வெட்டினால், பொங்கல் நேரத்தில் வண்டிகள் பணிமனையிலேயே நிற்கத்தான் செய்யும்.

கூட்டமோ காலையிலும் மாலையிலும்தான். ஆகவே ஒருவரின் பணியை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணி நேரம் விடுவது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை என்ற வரம்போடு, இடைவேளையையும் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் வகுத்தது. மீஞ்சூரிலிருந்து வருபவர் அந்த இடைவெளியில் வீட்டுக்கா போய்வருவார்? ஓய்வறை பெஞ்சில்தான் படுத்திருப்பார். அதை ஓய்வு என்று கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

இரு வேலையும் பார்க்கும் ‘ஓட்டுநர் உடன் நடத்துநர்’ நியமனம் ஓரளவு நெகிழ்வு தரும். அதற்குக் கனரக வாகன உரிமம், நடத்துநர் உரிமம் இரண்டும் வேண்டுமாதலால் அவசரத்துக்கு வாசலில் ஆள் கிடைக்காது.