இலவச வாசிப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கேரளத்து வண்டிப்பெரியாரில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை நான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். பாடத்துக்கு வெளியே அவர்களுக்குப் படிக்கக் கொடுப்பதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. போன மாதம் என் நண்பரின் புது நாவலை யாரோ பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். “இந்த இலவசம்தான் எங்களைக் கொல்கிறது” என்று வருந்தினார். அப்படியானால் நான் செய்வதும் தப்பா?

அன்புள்ள டீச்சர்,

தப்பே இல்லை. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தமிழ் நாவல் வாங்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏற வேண்டும். நீங்கள் குமுளி தாண்டி மலையிறங்கிக் கம்பத்துக்கோ தேனிக்கோ போக வேண்டும். 1956-ல் மாநிலம் பிரித்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட நமக்கு, பெரிய தமிழ் நூலகம் ஒன்று கைக்கெட்டியது இணையம் வந்த பிறகுதான்.

தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் எந்தக் கோப்பையும் திறந்து பாருங்கள். முதலில் ஒரு முகப்பு இருக்கும். நூலைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை அதில் போட்டிருப்பார்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள். அந்த முகப்பை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவ்வளவுதான் நிபந்தனை. மாணவர்களுக்குப் பிரதி எடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படிக்கட்டும்.

இலவசம் என்றாலே எழுதுகிறவன் வயிற்றில் அடிப்பது என்று நான் நினைக்கவில்லை. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அவை எல்லாருக்கும் பொதுவாயின. அந்த வழியில் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அதாவது யாரும் வெளியிடலாம் என்று பொதுவாக்கி, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து வருகிறது. அவற்றில் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் காசில்லாமல் படிக்கிறார்கள், எழுதியவர் வீட்டுக்கும் ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஆய்விதழ்களில் கதை வேறு. திறந்த அணுக்கம் (open access), யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று வாசகனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பல இதழ்கள் கட்டுரை எழுதியவரிடமே ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கேட்கின்றன. பணக்காரப் பல்கலைக்கழகம் கட்டிவிடும், நம்மூர் ஆய்வு மாணவர் எங்கே போவார்? ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும், 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6000 கோடி ரூபாய். நல்ல காரியம். ஆனாலும் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத்தான் அது. கல்லூரியை விட்டு வந்த உங்களுக்கும் எனக்கும் இல்லை.

சரி, உங்கள் நண்பர் விஷயம். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவுமில்லை, காசு கொடுக்கவுமில்லை. அந்த மாதிரி கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். செல்போனில் எடுத்த பக்கங்கள், ஓரத்தில் கட்டைவிரல், நடுவே நாலு பக்கம் காணோம், பதிப்புரிமைப் பக்கத்தை மட்டும் கவனமாக நீக்கியிருப்பார்கள். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு என்கிறது சட்டம். இவரோ உயிரோடு இருக்கிறார், அடுத்த நாவலை எழுத வேண்டும். சில நூறு பிரதி மட்டுமே அச்சாகும் புத்தகத்தில் ஐம்பது விற்காமல் போனால் பதிப்பாளர் அடுத்ததற்குத் தயங்குவார். என் வருத்தமெல்லாம் அந்த எழுதப்படாத நாவலைப் பற்றித்தான்.

குழு நிர்வாகியிடம் பேசிக் கோப்பை நீக்கச் சொல்லுங்கள். பள்ளி நூலகத்துக்கு அந்த நாவலில் இரண்டு பிரதி வாங்குங்கள். என் தளத்தில் இருப்பதை எல்லாம் பெயரோடு எடுத்துக்கொள்ளலாம், தனியாகக் கேட்க வேண்டியதில்லை.